நிக்கல் ஃபோம் எலக்ட்ரோட் மக்கர் பண்ணுதா? எங்கேருந்து பார்க்க ஆரம்பிக்கணும்

ராத்திரி பத்தரைக்கு போன் வரும். "அண்ணே, நேத்து வரைக்கும் நல்லா ஓடுச்சுண்ணே, இன்னைக்கு கேட்டலிஸ்ட் செத்துப்போச்சு." காலையில போய்ப் பார்த்தா கேட்டலிஸ்ட் (எலக்ட்ரோட் மேல இருக்குற, வினையை வேகப்படுத்துற பூச்சு) கல்லு மாதிரி இருக்கும், கிளிப்பு பச்சை புடிச்சுக் கெடக்கும். தஞ்சாவூருக்கும் மன்னார்குடிக்கும் நடுவுல ஒரு காலேஜ் லேப்ல பதினோரு வருஷமா அசிஸ்டன்ட்டா இருக்கேன், அதுல கடைசி அஞ்சாறு வருஷம் முழுக்க இந்த ஹைட்ரஜன் பசங்க கூடத்தான் பொழப்பு. ஒவ்வொரு பேட்சுக்கும் அதே கதையைத் திரும்பத் திரும்ப சொல்லி வாய் வலிக்குது, அதான் எழுதி வச்சுடலாம்னு.

இது எதுக்குன்னா, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல்ல தண்ணியைப் பிரிச்சு ஹைட்ரஜன் எடுக்குற சின்ன செட்டப்புக்கு. பீக்கர்ல ஓடுறது, இல்ல 10 ஆம்பியருக்குள்ள ஓடுற குட்டி செல்லு. எலக்ட்ரோட் நிக்கல் ஃபோம், அதாவது ஸ்பாஞ்ச் மாதிரி ஓட்டை ஓட்டையா இருக்குற நிக்கல் தகடு, அதுமேல கேட்டலிஸ்ட் வளர்த்திருப்பீங்க. சுவாமிமலையில மெழுகுல சிலை பண்ணி, களிமண் பூசி, மெழுகை உருக்கி எடுத்துட்டு உலோகத்தை ஊத்துவாங்கல்ல, இதுவும் கிட்டத்தட்ட அந்த வேலைதான், பாலியூரித்தேன் ஸ்பாஞ்ச் மேல நிக்கலைப் பூசிட்டு உள்ள இருக்குற ஸ்பாஞ்சை எரிச்சுடுவாங்க. அதனால அந்த கம்பியெல்லாம் உள்ள பொள்ளல், சுலபமா நசுங்கும், சுலபமா ஒடியும். தியரி இவ்வளவு போதும்.

கையில இருக்க வேண்டியது: மல்டிமீட்டர், ஒரு டிடிஎஸ் மீட்டர் (தண்ணியில கரைஞ்ச உப்பு லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம்னு காட்டும், சில நூறு ரூபாதான், வோல்டேஜைப் புடிச்சு வச்சு கரன்ட் அளக்குற பெரிய மெஷின் பொட்டென்ஷியோஸ்டாட்டை விட இது காப்பாத்துன நாள் அதிகம்), மில்லிகிராம் காட்டுற தராசு, கண்ணாடி, கிளவுஸ். காரக்கரைசல் கண்ணுல பட்டா வேற எதையும் யோசிக்காம ஓடுற தண்ணியில கால் மணி நேரத்துக்குக் குறையாம கழுவிட்டு நேரா ஆஸ்பத்திரி. அது நீங்களா பார்த்துக்குற விஷயம் கிடையாது.

ஹைட்ரஜன் பக்கத்துல வெள்ளையா மாவு மாதிரி படியுது

டெல்டாவுல இதுதான் முதல் நம்பர். கேட்டலிஸ்ட் ஆக்சைடு ஆயிடுச்சுன்னு பசங்க பதறுவாங்க. பெரும்பாலும் அது தண்ணியில வந்த கால்சியமும் மெக்னீசியமும்தான், குக்கர்லயும் கெய்சர்லயும் படியுற அதே சமாச்சாரம்.

முதல்ல தண்ணியைப் பாருங்க. எங்க போர் தண்ணி மீட்டர்ல 1,400 காட்டும், கடைமடை பக்கம் திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம்னு போனா இன்னும் உப்பு. "அண்ணே நான் ஆர்ஓ தண்ணிதான் ஊத்துனேன்"னு சொல்வாங்க. ஆர்ஓ தண்ணின்னா குடிக்க நல்லது, அவ்வளவுதான். எங்க கேன்டீன் ஆர்ஓ 60 காட்டுது. 60 கம்மிதானேன்னு தோணும், ஆனா கணக்கு போட்டுப் பாருங்க. 10 ஆம்பியர்ல ஓடுற செல்லு ஒரு நாளைக்கு 80 மில்லி தண்ணியைத் தின்னும், நீங்க தெனம் ஊத்தி ஊத்தி நிரப்புவீங்க, தண்ணி கேஸா போயிடும், உப்பு மட்டும் உள்ளயே உக்காந்துக்கும். வேதாரண்யத்துல உப்பளத்துல என்ன நடக்குதோ அதையேதான் நீங்க பீக்கர்ல பண்றீங்க. ஒரு மாசம் ஓட்டினா அந்த 60 கணக்குல மட்டும் 140 மில்லிகிராமுக்கு மேல உப்பு சேர்ந்திருக்கும், அரை லிட்டர் செல்லுக்கு அது சும்மா இல்ல.

செய்ய வேண்டியது: எலக்ட்ரோடை எடுத்து நல்லா கழுவி, வெள்ளை வினிகரைத் தண்ணியில பாதிக்குப் பாதி கலந்து அதுல ரெண்டு நிமிஷம் முக்குங்க. கரைஞ்சு போச்சுன்னா கேஸ் முடிஞ்சது, தண்ணி தப்பு. கொஞ்சம் நுரைச்சுக்கிட்டு கரைஞ்சா கார்பனேட்டும் கலந்திருக்கு, அதையும் கீழ சொல்றேன். இந்த வினிகர் வேலை வெறும் ஃபோமுக்கும் நிக்கல் பூச்சுக்கும் மட்டும். ஹைட்ராக்சைடு வகை கேட்டலிஸ்ட் வளர்த்த பீஸை முக்காதீங்க, அந்தப் படிவு கூடவே கேட்டலிஸ்ட்டும் கரைஞ்சு போயிடும். அந்த பீஸுன்னா மூலையில ஒரு துண்டு மட்டும் வெட்டி சோதிங்க.

அப்புறம் டிடிஎஸ் மீட்டர் 0 காட்டுற தண்ணிக்கு மாறுங்க. இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊத்த விக்கிற தண்ணி அவசரத்துக்கு ஆகும், ஆனா கேனைத் திறந்த உடனே மீட்டரை விட்டுப் பாருங்க, "டிஸ்டில்டு"னு ஒட்டியிருந்தும் 20, 30 காட்டுன கேனெல்லாம் பார்த்திருக்கேன். சரியான வழி டீஅயனைஸ்டு தண்ணி, அதாவது உப்பு அயனியெல்லாம் எடுத்த தண்ணி.

தண்ணி 0, அப்பவும் வெள்ளை வருதா? காரத்தோட பாட்டிலைப் பாருங்க, சோப்பு பண்றவங்க வாங்குற டெக்னிகல் கிரேடா இருக்கும். ஏஆர் கிரேடு, அதாவது லேப் சோதனைக்கான சுத்தமான சரக்கு வாங்குங்க. அதுவும் சரியா இருந்து திரும்பப் படிஞ்சா, படிவை சுரண்டி ஒரு சின்ன பாட்டில்ல போட்டு எக்ஸ்ஆர்டி (எக்ஸ்ரே விட்டு என்ன பொருள்னு பார்க்குற சோதனை) எடுக்கக் குடுங்க. அதுக்கு மேல நம்ம வேலை இல்ல.

ரெண்டு வோல்ட் கொடுத்தும் கரன்ட் ஏற மாட்டேங்குது

இதுல பத்துக்கு ஏழு தடவை கனெக்‌ஷன்தான். மல்டிமீட்டரை எடுத்து ஒரு முனையை பவர் சப்ளை வயர்லயும் இன்னொண்ணை ஃபோமோட மேல் ஓரத்துலயும் வச்சு, ஓடிக்கிட்டு இருக்கும்போதே வோல்ட் பாருங்க. அங்கேயே 0.2, 0.3 வோல்ட் விழுந்துச்சுன்னா உங்க 2 வோல்ட் செல்லுக்குப் போயே சேரல. முதலைக் கிளிப்பு ஃபோமைக் கடிச்சாலே அந்த இடம் நசுங்கி நாலஞ்சு புள்ளியிலதான் தொடும். மேல் ஒரு சென்டிமீட்டரை முன்கூட்டியே தட்டையா அழுத்திட்டு, அதுல நிக்கல் பட்டை வச்சு கடிக்க விடுங்க. ஸ்பாட் வெல்டிங் வசதி இருந்தா இன்னும் நல்லது, பேட்டரி பேக் கட்டுற கடையில அந்த மெஷின் இருக்கும், கும்பகோணத்துல ஒரு கடையில டீக்காசுக்கு அடிச்சுக் கொடுத்துட்டாங்க.

கனெக்‌ஷன் சரின்னா ஈரம். இது ரொம்ப பேர் பார்க்காத விஷயம். ஃபோம் மேல ஒரு சொட்டு டீஅயனைஸ்டு தண்ணி விடுங்க. சர்ருன்னு உள்ள போயிடணும். தாமரை இலை மேல உருளுற மாதிரி முத்தா நின்னுச்சுன்னா ஃபோமுக்குள்ள எண்ணெய்ப் பிசுக்கு இருக்கு, உள்ள இருக்குற ஓட்டையெல்லாம் காத்தாவே இருக்கும், வெளித்தோல் மட்டும்தான் வேலை செய்யுது. கை விரலால தொட்ட எண்ணெயே இதுக்குப் போதும், ஒருத்தன் பரோட்டா தின்னுட்டு வந்து ஃபோம் வெட்டினான், அந்த பேட்ச் பூரா போச்சு.

சுத்தம் பண்ற முறை: அசிட்டோன்ல சோனிகேட்டர்ல (அல்ட்ராசவுண்டால அதிர வச்சுக் கழுவுற மெஷின்) 10 நிமிஷம், தண்ணி, அப்புறம் 3 மோலார் (மோலார்னா கரைசலோட அடர்த்திக் கணக்கு) ஹைட்ரோகுளோரிக் ஆசிட்ல 10லேருந்து 15 நிமிஷம், திரும்ப தண்ணி ரெண்டு மூணு தடவை, கடைசியா எத்தனால், காய விடுங்க. கடையில வர்ற கெட்டி ஆசிட் சுமார் 12 மோலார், அதனால ஒரு பங்கு ஆசிட்டுக்கு மூணு பங்கு தண்ணி, தண்ணியிலதான் ஆசிட்டை ஊத்தணும், ஃப்யூம் ஹுட்டுக்குள்ள. மங்கலான சாம்பல் நெறம் போயி பளிச்சுன்னு வரும், ஆசிட் லேசா பச்சையாகும். பச்சை கலங்கலா அடர்த்தியாச்சுன்னா நீங்க ஃபோமையே கரைச்சுக்கிட்டு இருக்கீங்க, எடுங்க. கத்திரி வெயில் காலத்துல ஏசி இல்லாத ரூம்ல இந்த ஆசிட் வேகமா கடிக்கும், நான் 8 நிமிஷத்துல எடுத்துடுவேன். அந்தப் பச்சைத் தண்ணியை சிங்க்ல ஊத்தாதீங்க, நிக்கல் உப்பு விஷம், கழிவுக் கேன்ல போடுங்க. வாய்க்காலுக்குப் போனா அடுத்தது வயல்தான்.

எத்தனை தின்னுச்சுன்னு தெரியணும்னா தராசு. 1.6 மில்லிமீட்டர் தடிமன், சதுர மீட்டருக்கு 350 கிராம் கணக்கு ஃபோமுன்னா ஒரு சதுர சென்டிமீட்டர் 35 மில்லிகிராம் இருக்கணும். வாங்குன உடனே ஒரு துண்டு வெட்டி எடை போட்டு எழுதி வச்சுக்குங்க, பின்னாடி எல்லாத்துக்கும் அதுதான் சாட்சி.

அதுவும் சரி, அப்பவும் ஏறலைன்னா கரைசல். பெல்லட் பாட்டில்ல 85 சதவீதம்னு போட்டிருக்கும், மீதி பெரும்பாலும் தண்ணி. 1 மோலாருக்கு புத்தகத்துல லிட்டருக்கு 56 கிராம்னு இருக்கும், இந்த பெல்லட்டுல 66 கிராம் போட்டாத்தான் அது 1 மோலார். ஐப்பசி கார்த்திகையில மூடியை சரியா மூடாம வச்ச பாட்டில்னா பெல்லட் வேர்த்து ஒட்டிக்கிட்டு கெடக்கும், அதுல எடை போட்டு என்ன பிரயோஜனம். புது பாட்டில் எடுங்க, டைட்ரேஷன் பண்ணிப் பாருங்க.

இதெல்லாம் முடிஞ்ச பிறகுதான் கேட்டலிஸ்ட் மேல சந்தேகப்படணும். ஒரு விஷயம், ரெண்டு பக்கமும் வெறும் ஃபோம் போட்டீங்கன்னா 10 மில்லிஆம்பியருக்கே 1.7, 1.8 வோல்ட் கேக்கும். அது கோளாறு இல்ல, அதான் அதோட குணம்.

கரைசல் நெறம் மாறுது, கிளிப்பு கிட்ட ஒடிஞ்சு விழுது

நீலமா? செம்பு. கிளிப்பைக் கழட்டிப் பாருங்க. காரக்கரைசல் ஃபோம் ஓட்டை வழியா விளக்குத் திரியில எண்ணெய் ஏறுற மாதிரி மேல ஏறிடும், நீங்க கிளிப்பை தண்ணிக்கு ரெண்டு சென்டிமீட்டர் மேலதான் வச்சிருப்பீங்க, ஆனா மறுநாள் காலையில அது ஈரமா இருக்கும். கிளிப்புல இருக்குற செம்பு கரைஞ்சு போயி ஹைட்ரஜன் பக்கம் பூசிக்கும், கேட்டலிஸ்ட் மேலயே. அந்த எலக்ட்ரோடை வச்சு எடுத்த டேட்டாவையும் தூக்கிப் போட்டுடுங்க, மனசு கேக்காதுதான்.

தடுக்குறதுக்கு: கிளிப்புக்கும் தண்ணிக்கும் நடுவுல ஃபோமை நல்லா அழுத்தி ஓட்டையை மூடி, அதுமேல எபாக்சி பூசி ஒரு நாள் காய விடுங்க. நெயில் பாலிஷ் பூசுறவங்க இருக்காங்க, அரை நாள் டெஸ்ட்டுக்கு ஓகே, காரத்துல அதுக்கு மேல நிக்காது.

பழுப்பா? துரு. கிளிப்பு, ஸ்க்ரூ, சோர்ஸ் தெரியாத ஸ்டீல் கம்பி, எது ஈரத்துல தொடுதோ அது. 

நெறம் மாறல, ஆனா ஃபோமே அப்பளம் மாதிரி நொறுங்குது, ஓரத்துல பச்சைத் தூள் இருக்கு, அப்படின்னா குளோரைடு. ஆக்சிஜன் பக்கத்துலதான் இது வரும், நிக்கல்ல குழி குழியா அரிச்சுடும். மறுபடி மேல சொன்ன தண்ணிக் கதைக்கே போகணும், இல்லைன்னா ஆசிட்ல கழுவிட்டு சரியா அலசாம விட்டிருப்பீங்க. சில்வர் நைட்ரேட் டெஸ்ட் பண்ணிப் பாருங்க, ஆனா காரத்துலயே சொட்டு விட்டா அது பழுப்பா ஆக்சைடைத்தான் காட்டும், முதல்ல நைட்ரிக் ஆசிட் ஊத்தி அமிலமாக்கிட்டு அப்புறம் சொட்டு விடுங்க, வெள்ளையா தயிர் மாதிரி திரிஞ்சா குளோரைடு இருக்கு. நொறுங்க ஆரம்பிச்ச ஃபோமை ஒட்டு போட முடியாது, புதுசு வெட்டிக்குங்க.

கருப்புப் பொடி கீழ உக்காருது

கேட்டலிஸ்ட் உதிருது. ஆனா அதுக்கு முன்னாடி எதிர்ப்பக்கம் கிராஃபைட் ராடு வச்சிருக்கீங்களான்னு பாருங்க. கிராஃபைட்டை ஆக்சிஜன் பக்கம் ஓட்டினா அது தானே அரிச்சு கரித்தூள் கொட்டும், உங்க எலக்ட்ரோட் மேல பழி வரும். காந்தத்தை பீக்கருக்கு அடியில கொண்டு போறது, அது இதுன்னு ஜோசியம் பார்க்க வேண்டாம், ராடை மாத்தி ஒரு நாள் ஓட்டுங்க, தெரிஞ்சுடும்.

கேட்டலிஸ்ட்டுதான்னா, ஓட்டுறதுக்கு முன்னாடியே புடிச்சிருக்கலாம். ஹைட்ரோதெர்மல் (மூடின பாத்திரத்துல கரைசலோட சூடாக்கி கேட்டலிஸ்ட் வளர்க்குறது) முடிச்சு எடுத்த உடனே பீக்கர்ல தண்ணி வச்சு அதுல ஒரு நிமிஷம் நல்லா உலுக்குங்க, சோனிகேட்டர்ல 30 செகண்ட் போடுங்க. அதுல உதிர்றது எல்லாம் சும்மா மேல உக்காந்த பொடி, வேர் விட்டு வளர்ந்தது இல்ல. காய வச்சு எடை போடுங்க, அதுதான் உண்மையான லோடிங், அதாவது ஃபோம்ல ஒட்டி நிக்கிற கேட்டலிஸ்ட்டோட அளவு.

பொடி நெறைய உக்காருதுன்னா ஆட்டோகிளேவுக்குள்ள, அதாவது அந்த மூடின ஸ்டீல் பாத்திரத்துக்குள்ள, ஃபோம் எப்படி இருந்துச்சுன்னு கேளுங்க. அடியில படுக்கப் போட்டிருப்பாங்க. கரைசல்ல உருவாகுற பொடி எல்லாம் அது மேலதான் விழும். சுவர்ல சாய்ச்சு வச்சு, சோதிக்கப் போற முகத்தைக் கீழ் பார்த்த மாதிரி வைங்க. அப்புறம் யூரியா அளவு, நேரம். லோடிங் ஜாஸ்தியானா ஆக்டிவிட்டி ஜாஸ்தியாகும்னு 12 மணி நேரத்தை 24 ஆக்குவாங்க, தடிமனா வளர்ந்த தோலு கேஸ் முட்டும்போது செதில் செதிலா பேந்து வரும். நான் பார்த்த வரைக்கும் பாதி நேரத்துக்குக் குறைச்சதுதான் நெறைய கேஸ்ல சரி பண்ணுச்சு.

பைண்டர் (பசை) போட்டு பொடியை ஃபோம்ல பூசுறவங்களுக்கு என்கிட்ட மருந்து இல்லீங்க. கரன்ட் ஏத்தினா அது உதிரத்தான் செய்யும்.

ஆட்டோகிளேவ் பத்தி ஒண்ணு: டெஃப்லான் லைனரை முக்கால் பங்குக்கு மேல நிரப்பாதீங்க, 200 டிகிரியைத் தாண்டாதீங்க, அவசரப்பட்டு தண்ணியில போட்டு ஆற வைக்காதீங்க. லைனர் வாய் வளைஞ்சிருந்தா, ஸ்டீல் திருகு பாதியில மாட்டிக்கிட்டா ஸ்பேனரைப் போட்டு மல்லுக்கட்டாதீங்க. அதை சப்ளை பண்ணவங்க கிட்ட அனுப்புங்க.

நேரம் ஆக ஆக வோல்டேஜ் ஏறிக்கிட்டே போகுது

எப்படி ஏறுதுன்னு பாருங்க, அதுல பதில் இருக்கு.

ரம்பப் பல்லு மாதிரி ஏறி ஏறி விழுதுன்னா குமிழி. கேஸ் ஃபோமுக்குள்ள மாட்டி, பெருசாகி, பிச்சுக்கிட்டு வெளிய வருது. எலக்ட்ரோடை செங்குத்தா நிறுத்துங்க, ஸ்டிரர் போடுங்க, பம்ப் இருந்தா ஓட்டத்தை ஏத்துங்க. கரன்ட் அதிகமா ஓட்டினா ஃபோமோட நடு வயித்துல முழுக்க கேஸ்தான் இருக்கும், 1.6 மில்லிமீட்டர் தடிமன்ல பாதி சும்மா கெடக்கும், அப்ப ரோலர்ல அழுத்தி மெல்லிசாக்கிக்கலாம், இல்ல பெரிய ஓட்டை ஃபோம் வாங்கலாம்.

ஒரே சீரா, கோடு போட்ட மாதிரி ஏறுதுன்னா தண்ணி மட்டம். இறங்கியிருக்கும், பாதி எலக்ட்ரோட் காத்துல நிக்கும். சிரிக்காதீங்க, வாரத்துக்கு ஒருத்தர் இதுல மாட்டுறாங்க. மேல் விளிம்புல மார்க்கர்ல ஒரு கோடு போட்டு வைங்க.

ரெண்டு மூணு நாளா மெதுவா ஏறுதுன்னா மூடியில்லாத பீக்கரா? காத்துல இருக்குற கார்பன் டை ஆக்சைடைக் காரம் குடிச்சு கார்பனேட் ஆகும், கடத்துற சக்தி குறையும். கொஞ்சம் கரைசலை எடுத்து ஆசிட் விட்டா நுரைக்கும். கரைசலை மாத்துங்க. மாத்தின உடனே பழைய இடத்துக்கு வோல்டேஜ் இறங்கிட்டா கேட்டலிஸ்ட் மேல பழி சொல்லக் கூடாது. இந்த ஒரு சோதனையைப் பண்ணாம "ஸ்டெபிலிட்டி போயிடுச்சு"ன்னு யாராச்சும் வந்தா நான் திருப்பி அனுப்பிடுறேன், மேடமா இருந்தாலும்.

புது கரைசல்லயும் அதே ஏத்தம்னா, இம்பிடன்ஸ் (பொட்டென்ஷியோஸ்டாட்ல எடுக்குற தடை வரைபடம்) எடுத்து முதல் நாளோடது கூட வச்சுப் பாருங்க. இடது பக்கம் அச்சை வெட்டுற புள்ளி நகர்ந்திருந்தா கனெக்‌ஷன், கரைசல், ரெண்டு கேஸும் கலக்காம நடுவுல இருக்குற டயாஃப்ரம், இதுல ஒண்ணு. புள்ளி அங்கேயே இருந்து அரைவட்டம் மட்டும் பெருசாகியிருந்தா அப்பத்தான் எலக்ட்ரோட் நிஜமாவே கெட்டிருக்கு. செம் போட்டோவுக்கும் (எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப் படம்), கரைசல்ல எவ்வளவு உலோகம் வந்திருக்குன்னு பார்க்குற ஐசிபிக்கும் அனுப்புங்க. பக்கத்து யுனிவர்சிட்டிலயோ காரைக்குடி சிக்ரிலயோ (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) கேட்டுப் பாருங்க, காசு ஆகும், அதனாலதான் இதைக் கடைசியில சொல்றேன்.

கரன்ட் போயி வந்த பிறகு எலக்ட்ரோட் டல்லடிக்குது

இது நம்ம ஊரு வியாதி. புயல் மழை சீசன்ல நாலு தடவை கரன்ட் போகும், மாசாமாசம் மெயின்டனன்ஸ்னு பகல் முழுக்க போகும், ஒவ்வொரு தடவைக்கும் ஹைட்ரஜன் பக்கம் கொஞ்சம் கொஞ்சமா சோர்ந்துக்கிட்டே வரும். காரணம், சப்ளை நின்ன உடனே செல்லு பேட்டரி மாதிரி ஆயிடும், ஆக்சிஜன் பக்கம் இருக்குற ஆக்சைடும் ஹைட்ரஜன் பக்கம் தேங்கியிருக்குற ஹைட்ரஜனும் சேர்ந்து கரன்ட்டைத் திருப்பி ஓட்டும், ஹைட்ரஜன் பக்கத்து நிக்கல் ஆக்சைடாகும். மாலிப்டினம் கலந்த கேட்டலிஸ்ட்டுன்னா அது கரைஞ்சே போயிடும், சும்மா காரத்துல ஊறினாக்கூட.

பார்க்குறதுக்கு: சப்ளையை ஆஃப் பண்ணிட்டு வயர்ல ஆம்பியர் மீட்டரைப் போடுங்க. முள்ளு எதிர்ப்பக்கம் போனா சப்ளை வழியாவே திரும்பி ஓடுது. ஒத்தை செல்லுன்னா ஒரு டயோடு தொடர்ல போடுங்க, இல்ல கரன்ட் போனதும் தானா வயரைப் பிரிக்கிற ரிலே போடுங்க, ஐம்பது ரூபா வேலை. டயோடு போட்டா அது கொஞ்சம் வோல்ட்டைத் தின்னும், அதனால வோல்டேஜை செல்லோட ரெண்டு முனையில வச்சு அளங்க, சப்ளை டிஸ்பிளேவைப் பார்த்து எழுதாதீங்க.

தகடு தகடா அடுக்கின ஸ்டாக்குன்னா டயோடு மட்டும் பத்தாது, எல்லா செல்லுக்கும் பொதுவா ஓடுற கரைசல் வழியாவே உள்ளுக்குள்ள ஓடிக்கும். அதுக்கு யூபிஎஸ்ல ஒரு சின்ன கரன்ட்டை மட்டும் விடாம கொடுக்கணும், இல்ல கரைசலை வடிச்சுடணும். லேப்டாப் ஓடுற யூபிஎஸ்ல இதையும் மாட்டினா போதும், பெரிய கரன்ட் தேவையில்ல.

ஏற்கனவே டல்லாயிடுச்சுன்னா, வெறும் நிக்கல் வகைன்னா ஹைட்ரஜன் பக்கமாவே ஒரு மணி நேரம் விடாம ஓட்டிப் பாருங்க, ஓரளவு திரும்பும். மாலிப்டினம் போனது போனதுதான். ரேனி நிக்கல் பூச்சு, அதாங்க 1920கள்லயே முர்ரே ரேனி அலுமினியத்தைக் காரத்துல கரைச்சு எடுத்து உண்டாக்குனாரே அந்த வகை, அதை வெளிய எடுத்து காய மட்டும் விட்டுடாதீங்க. காத்து பட்டா தானே பத்திக்கும். ஈரத்துலயே வைங்க.

பவர் சப்ளையே திறந்து பார்க்கலாமான்னு கை அரிக்கும். உள்ள கெப்பாசிட்டர் இருக்கு. எலக்ட்ரானிக்ஸ் ஆளைக் கூப்பிடுங்க.

ரிசல்ட் நம்ப முடியாத அளவுக்கு நல்லா இருக்கு

இதையும் கோளாறாத்தான் எடுத்துக்கணும். இதுக்கு யாரும் ராத்திரி போன் பண்ண மாட்டாங்க, ஸ்வீட் பாக்ஸோட வருவாங்க.

போன வருஷம் ஒரு தம்பி ஹைட்ரஜன் பக்கம் கூடுதலா வெறும் 40 மில்லிவோல்ட்தான் கேக்குதுன்னு வந்தான். எனக்கு கேட்டலிஸ்ட் கெமிஸ்ட்ரி அவ்வளவா தெரியாது, ஆனா எக்செல் ஷீட்டைத் திறக்கத் தெரியும். பீக்கர்ல இருந்தது மெர்குரி ஆக்சைடு ரெஃபரன்ஸ் (வோல்டேஜை ஒப்பிட்டு அளக்க வைக்கிற மூணாவது எலக்ட்ரோட்), அதுக்கு 0.098 கூட்டணும். ஷீட்ல சீனியர் கொடுத்த பழைய ஃபார்முலா, சில்வர் குளோரைடுக்கு உள்ள 0.197. வித்தியாசம் அப்படியே 99 மில்லிவோல்ட். 40 இல்ல, 139. அந்தப் பையன் முகம் போன போக்கு இன்னும் கண்ணுல நிக்குது, ஸ்வீட்டை மட்டும் நாங்க திருப்பிக் கொடுக்கல.

அதனால முதல்ல ஃபார்முலா. காரத்துல சில்வர் குளோரைடு ரெஃபரன்ஸே வேண்டாம், குளோரைடும் கசியும், அதோட நுனியில இருக்குற நுண்துளை அடைப்பு (ஃப்ரிட்) கெடும். அடுத்து பரப்பளவு: 1க்கு 1 சென்டிமீட்டர்னு வெட்டி ரெண்டு முகமும் வேலை செய்யுது, கரைசல் மேல ஏறி இன்னும் அரை சென்டிமீட்டர் நனைஞ்சிருக்கு, ஆனா வகுக்குறது 1ஆல. அடுத்து ஸ்கேன் வேகம், அதாவது அளக்கும்போது வோல்டேஜை நகர்த்துற வேகம். ஃபோமுக்குப் பரப்பு ஜாஸ்தி, வேகமா ஓட்டினா சார்ஜ் ஆகுற கரன்ட்டே கேட்டலிஸ்ட் கரன்ட் மாதிரி தெரியும். ஆக்சிஜன் பக்கம் நிக்கலே ஆக்சைடாகுற மேடு 1.35, 1.4 வோல்ட் கிட்ட வரும், அதை வினை ஆரம்பிச்சுடுச்சுன்னு எழுதிடுவாங்க. ஒரே கரன்ட்ல அரை மணி நேரம் வச்சுப் பாருங்க, அதுல நிக்கிறதுதான் நெஜம். கழுவின எத்தனால் ஃபோமுக்குள்ள தங்கியிருந்தாலும் அது முதல்ல எரிஞ்சு நல்ல ரிசல்ட் காட்டும்.

ஓட ஓட நல்லாகிக்கிட்டே போகுதுன்னா ரெண்டு விஷயம். ஹைட்ரஜன் பக்கம் சோதிக்கும்போது எதிர்ல பிளாட்டினம் வச்சிருந்தா அது துளித்துளியா கரைஞ்சு வந்து உங்க எலக்ட்ரோட்ல பூசியிருக்கும், பிளாட்டினத்தோட ரிசல்ட்டை நீங்க கொண்டாடுறீங்க. நிக்கல் மெஷ்ஷுக்கு மாறுங்க, இல்ல கிராஃபைட்டை செல்லுக்குள்ளயே தடுத்த தனி அறையில வைங்க. ஆக்சிஜன் பக்கம்னா காரத்துல இருக்குற இரும்பு. நிக்கல்ல இரும்பு லேசா ஒட்டினாலே ஆக்சிஜன் வினை எகிறும்னு காரிகன்னு ஒரு ஆராய்ச்சியாளர் 1987லயே காட்டிட்டாரு. இரும்பு வேண்டாம்னா நிக்கல் ஹைட்ராக்சைடு பொடியைக் கரைசல்ல போட்டுக் கலக்கி வச்சிருந்து, தெளிஞ்சதை எடுத்து ஓட்டுங்க, இரும்பை அது புடிச்சுக்கும்.

ஐஆர் கரெக்‌ஷன் எவ்வளவு போட்டிருக்கீங்கன்னும் பாருங்க, அதாவது கரைசல், வயர் தடையில விழுற வோல்ட்டைக் கணக்குல கழிக்கிறது. 1 ஓம் இருந்தா 100 மில்லிஆம்பியருக்கு 100 மில்லிவோல்ட், அதுல கொஞ்சம் கூடப் போட்டாலும் கர்வ் பின்னாடி வளையும். ரெண்டே எலக்ட்ரோட் வச்சு, அரை மணி நேரம் கழிச்சும் 1.23 வோல்ட்டுக்குக் கீழ தண்ணி பிரியுதுன்னு மீட்டர் சொன்னா மீட்டரைத்தான் மாத்தணும்.

மெர்குரி ரெஃபரன்ஸ் உடைஞ்சா தொடப்பத்தை எடுக்காதீங்க. ஆளுங்களை வெளிய அனுப்பி, ஜன்னலைத் திறந்து விட்டுட்டு, சேஃப்டி ஆபீசரைக் கூப்பிடுங்க.

கரன்ட் ஓடுது, கேஸ் கம்மியா வருது

தலைகீழா கவுத்த அளவு ஜாடியில புடிச்சுப் பாருங்க. 1 ஆம்பியர், 10 நிமிஷம், ஹைட்ரஜன் சுமார் 76 மில்லி, ஆக்சிஜன் அதுல பாதி. நம்ம ஊரு வெக்கையில, தண்ணி ஆவியும் சேர்ந்து, அஞ்சாறு மில்லி கூடவே காட்டும். 70க்குக் கீழ போனா எங்கயோ ஓடுது.

ட்யூப் ஜாயின்ட்ல சோப்புத் தண்ணி தடவுங்க, முக்காவாசி அங்கேயே முடிஞ்சுடும். சிலிக்கான் ட்யூப் வழியா ஹைட்ரஜன் கசியும், நீளத்தைக் குறைங்க. ரெண்டு எலக்ட்ரோடும் எங்கயாச்சும் ஒண்ணோட ஒண்ணு உரசுதான்னு பாருங்க, ஃபோம் ஓரத்துல நீட்டிக்கிட்டு இருக்குற ஒரு முள்ளு டயாஃப்ரத்தைக் குத்தி அந்தப் பக்கம் தொட்டுடும், அந்த வழியா போற கரன்ட் சூடாத்தான் போகும். வெட்டின உடனே ஓரத்தை ஸ்பூன் பின்பக்கத்தால அழுத்தி விடுங்க.

ஹைட்ரஜன் கம்மி, ஆக்சிஜன் பக்கம் அளவு சரியா இல்ல, அப்படின்னா டயாஃப்ரம் கிழிஞ்சு ரெண்டும் கலக்குது. இங்க நிறுத்துங்க. காத்துல 4 சதவீதத்துலேருந்து 75 சதவீதம் வரைக்கும் ஹைட்ரஜன் பத்திக்கும், ஆக்சிஜன்ல இன்னும் மோசம், ஸ்வெட்டர்ல வர்ற ஸ்டாட்டிக் பொறியே அதுக்கு ஜாஸ்தி. ஆக்சிஜன் பக்கம் ஹைட்ரஜன் 2 சதவீதம் வந்தாலே ஃபேக்டரியில மெஷினை நிறுத்திடுவாங்க, நம்மகிட்ட அதை அளக்குற சென்சார்கூட இருக்காது. ரெண்டு கேஸையும் ஒரே ட்யூப்ல விட்டு பைக்குக்கு மைலேஜ் ஏத்துறேன்னு கேட்டு வர்ற பசங்களுக்கு நான் ஃபோமே எடுத்துக் கொடுக்குறதில்ல.

சப்ளையை செல்லு பக்கத்துல இருக்குற பட்டன்ல அணைக்காதீங்க, தூரத்துல இருக்குற மெயின்ல அணைங்க. ஃபேன் சுவிட்சைத் தொடாதீங்க, ஜன்னலை மட்டும் திறங்க. அரை மணி நேரம் வெளிய நில்லுங்க. டயாஃப்ரத்தை மாத்துறதை, செல்லைத் திரும்ப மூடி லீக் டெஸ்ட் பண்றதை, அந்த வேலை தெரிஞ்ச ஆள் வந்து பண்ணட்டும், அதுவரைக்கும் செல்லு மேல "தொடாதே"ன்னு ஒரு சீட்டு எழுதி ஒட்டி வைங்க, ஏன்னா மறுநாள் காலையில ஒருத்தன் வந்து ஆன் பண்ணத்தான் செய்வான்.